காலியாய் விடப்பட்ட சாக்கெட்

கணினியின் பிற உறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு செயலியை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வழக்கம், தனிநபர் கணினி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே அதனுடன் சேர்ந்து வளர்ந்ததாகும். செயலி என்பது நிரலின் கட்டளைகளை எடுத்து நிறைவேற்றும் சில்லு. அது அமரும் இருக்கை சாக்கெட். அந்த இருக்கையையும் நினைவகத்தையும் பிற அட்டைகளையும் மின்தடங்களால் இணைக்கும் பெரிய பலகை மதர்போர்டு. இம்மூன்றில் செயலியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சாக்கெட்டைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எனினும், விளையாட்டுக்காகக் கணினி வைத்திருந்தவர்கள் செயலியை மாற்றலாமா வேண்டாமா என்று கணக்கிட்ட ஒவ்வொரு காலத்திலும், அந்தக் கணக்கின் எல்லையை வகுத்ததில் செயலியின் வேகத்தைவிடச் சாக்கெட்டின் ஆயுளுக்கே பங்கு அதிகம். அந்த ஆயுளோ பொறியாளர்களின் கையில் மட்டும் இருக்கவில்லை. சந்தையில் அந்நேரம் எந்த நிறுவனம் முந்தியிருந்தது, எது பின்தங்கியிருந்தது என்பதையும் அது சார்ந்திருந்தது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 5150 என்னும் கணினியின் மதர்போர்டில் 40 கால்கள் கொண்ட சில்லுகளுக்கான இரண்டு சாக்கெட்டுகள் அருகருகே இருந்தன. ஒன்றில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய இன்டெல் 8088 செயலி அமர்ந்திருந்தது. மெகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகளைக் குறிக்கும் அளவு. மற்றொரு சாக்கெட் காலியாகவே விடப்பட்டிருந்தது. தசமப் பகுதியுடைய எண்களை, அதாவது கணினியியலில் மிதவைப்புள்ளி எண்கள் எனப்படுபவற்றை, விரைந்து கணக்கிடும் 8087 என்ற துணைச்செயலியைப் பின்னாளில் வாங்கிப் பொருத்திக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்ட இடம் அது. வாங்கும் நாளிலேயே பொருளில் ஒரு குறையை வெளிப்படையாக வைத்து, அதை நிரப்பும் உரிமையை உரிமையாளரிடம் விட்டுக்கொடுத்த அந்த வெற்றிடத்தைத்தான் இந்த வழக்கத்தின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். ஆனால் அது விளையாடுபவர்களுக்கு உரிய இடமாக இருக்கவில்லை. 8087 வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அதை நம்பி விளையாட்டு எழுத எவரும் முன்வரவில்லை. அந்தச் சில்லு பொறியியல் வரைபடம் வரைவோருக்கும் பெரிய கணக்குத்தாள்களைக் கையாள்வோருக்குமே பயன்பட்டது.

விளையாடுபவரின் சிக்கல் முற்றிலும் வேறாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ள 4.77 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் வண்ணச் சமிக்ஞைக்கு ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை தேவைப்பட்டதால், அதைப்போல் நான்கு மடங்காக 14.318 மெகாஹெர்ட்ஸில் அதிரும் படிகம் ஒன்றை ஐபிஎம் பொறியாளர்கள் பலகையில் வைத்தனர். அதே அதிர்வை மூன்றால் வகுத்தபோது கிடைத்த துடிப்பே செயலிக்கு அளிக்கப்பட்டது. தொடக்கக் காலக் கணினிகள் அனைத்தும் இந்த ஒரே வேகத்தில் இயங்கியமையால், விளையாட்டு எழுதியவர்களில் பலர் காத்திருக்க வேண்டிய இடங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல், ஒன்றும் செய்யாத ஒரு சுழற்சியைக் குறிப்பிட்ட தடவை ஓட்டிப் பொழுதைக் கழிக்குமாறு நிரலை அமைத்தனர். வேகமான செயலியில் அந்தச் சுழற்சி விரைவாக முடிந்துவிடும்; திரையில் பகைவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்துவிடுவர். ஆகவே 1980களின் நடுப்பகுதியில் வேகம் கூடிய கணினிகள் வந்தபோது, அவற்றின் முகப்பில் டர்போ என்ற பொத்தான் ஒன்று இடம்பெற்றது. பெயர் விரைவைக் குறித்தாலும், பழைய நிரல்களுக்காகக் கணினியின் வேகத்தைக் குறைப்பதே அதன் உண்மையான பயனாக இருந்தது. செயலியை மாற்றினால் விளையாட்டு மேம்படும் என்ற எண்ணம் இயல்பானதாகத் தோன்றினாலும், விளையாட்டின் காலமும் செயலியின் காலமும் நிரலில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகே அது உண்மையானது.

அதே 40 கால் சாக்கெட்டில் 8088ஐக் கழற்றிவிட்டுப் பொருத்தக்கூடிய வேறொரு செயலியை 1984இல் ஜப்பானின் என்இசி நிறுவனம் கொண்டுவந்தது. வி20 என்ற அந்தச் சில்லு கால்களின் அமைப்பில் 8088ஐ முழுவதும் ஒத்திருந்தும், உள்ளமைப்பின் சிறப்பால் அதே கடிகார வேகத்தில் சற்றுக் கூடுதலாக வேலை செய்தது. செயலியின் உள்ளே கட்டளைகளை நடத்தும் நுண்நிரலைத் தன்னிடமிருந்து படியெடுத்ததாக இன்டெல் வழக்காடியது. நுண்நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு என்றும், ஆயினும் என்இசி அதை மீறவில்லை என்றும் 1989இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் வகுத்த சாக்கெட்டில் மற்றொருவர் தம் சொந்த அறிவால் உருவாக்கிய சில்லைப் பொருத்தலாம் என்ற நிலை இத்தீர்ப்பால் வலுப்பெற்றது. பின்வந்த பத்தாண்டுப் போட்டியின் பெரும்பகுதிக்கு இதுவே களம் என்பதால், நூல்களில் ஓரிரு வரிகளோடு கடந்துவிடப்படும் இந்த வழக்கு அதைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது. இன்னொரு வேரும் உண்டு. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாத ஐபிஎம், தான் வாங்கும் செயலிக்கு இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் பின்னணியில், 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் தொழில்நுட்பப் பகிர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. 386 தலைமுறையில் இன்டெல் அந்தப் பகிர்வை நிறுத்திக்கொண்டது. நீண்ட வழக்குகளுக்கு இடையே 1991இல் ஏஎம்டி தன் சொந்த 386ஐ வெளியிட்டது. அதன் 40 மெகாஹெர்ட்ஸ் வகை, இன்டெலின் 33 மெகாஹெர்ட்ஸை விஞ்சியது.

விளையாடுபவர் தம் கணினியைத் திறந்து செயலியை மாற்றுவதை ஒரு சில்லறை வணிகமாக ஆக்கியது 486 தலைமுறையே. 1989 ஏப்ரலில் அறிமுகமான 80486, ஏறத்தாழ 12 லட்சம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. அதுவரை தனிச் சில்லாக விற்கப்பட்ட மிதவைப்புள்ளிப் பகுதி அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலியின் அருகிலேயே வைத்திருக்கும் கேஷ் எனப்படும் சிறு நினைவகமும் 8 கிலோபைட் அளவில் உள்ளே இடம்பெற்றது. 1991இல் இதன் மலிவு வடிவமாக 486எஸ்எக்ஸ் வந்தது. அதில் மிதவைப்புள்ளிப் பகுதி இயங்காது. தொடக்க எஸ்எக்ஸ் சில்லுகளில் அப்பகுதி சிலிக்கானில் இருந்தும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. குறையை நிரப்ப விரும்புவோருக்காக மதர்போர்டில் மறுபடியும் ஒரு காலிச் சாக்கெட் விடப்பட்டது. அதற்குரிய சில்லுக்கு 487எஸ்எக்ஸ் என்று பெயர். துணைச்செயலி என்ற பெயரில் விற்கப்பட்ட அது உண்மையில் கூடுதலாக ஒரு கால் கொண்ட முழுமையான 486 செயலியே; அதைப் பொருத்தியதும் பழைய எஸ்எக்ஸ் முற்றிலுமாக அணைக்கப்பட்டு, முழு வேலையையும் புதியது ஏற்றுக்கொண்டது. இரண்டு செயலிக்குப் பணம் கொடுத்தவர் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். 1981இன் காலிச் சாக்கெட் உரிமையாளருக்குத் தரப்பட்ட சுதந்திரம் என்றால், பத்தாண்டு கழித்து வந்த இந்தக் காலிச் சாக்கெட் அவரிடம் இருமுறை விற்பதற்கான வழியாக மாறியிருந்தது.

எனினும் அந்தச் சாக்கெட்டுக்கு விரைவிலேயே மேலான பயன் ஒன்று பிறந்தது. 1992இல் வந்த 486டிஎக்ஸ்2, மதர்போர்டு தரும் துடிப்பைத் தனக்குள் இரட்டிப்பாக்கிக்கொண்டது. பலகை 33 மெகாஹெர்ட்ஸில் இயங்க, செயலியின் உட்பகுதி 66 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. பெருக்கி எனப்படும் இந்த உத்தி, பலகையின் மின்தடங்களும் நினைவகமும் பழைய வேகத்திலேயே இருக்கச் செயலி மட்டும் முன்னேறும் வழியைத் திறந்தது. இதே உத்தியைக் கொண்ட சில்லுகளை ஓவர்டிரைவ் என்ற பெயரில், பொதுமக்கள் கடையில் வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பொருளாக இன்டெல் அதே ஆண்டில் விற்கத் தொடங்கியது. சில்லின் நூற்றுக்கணக்கான கால்களை வலிந்து அழுத்தும்போது அவை வளைந்துவிடும் அச்சமும், ஒரு சிறு நெம்பை உயர்த்திச் சில்லை வைத்துத் தாழ்த்தினால் போதும் என்ற அழுத்தமில்லாச் சாக்கெட்டுகள் பரவியதால் நீங்கியது. அந்த நெம்பு எளிய கருவிதான். ஆனால் கைநடுக்கத்தோடு செய்ய வேண்டியிருந்த வேலையை யாரும் செய்யக்கூடியதாக ஆக்கியது அதுவே.

இந்தத் தருணத்தில்தான் 1993 டிசம்பர் 10 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டை வெளியிட்டது. 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் அது ஓடும். ஆனால் திரையில் தெரியும் காட்சிச் சட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டால்தான் அதில் தடையின்றி விளையாட முடிந்தது. வினாடிக்கு 35 படங்கள் என்ற அதன் மேல்வரம்பை நெருங்க 486டிஎக்ஸ்2-66 போன்ற செயலி வேண்டியிருந்தது. செயலியை மாற்ற நினைத்தவருக்கு டூம் மறைமுகமாகக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதன் நிரல் மிதவைப்புள்ளியைப் பயன்படுத்தவில்லை. தசமப் பகுதியையும் முழு எண்ணுக்குள்ளேயே அடைத்துக் கணக்கிடும் நிலைப்புள்ளி முறையையே அதன் நிரலாளர் ஜான் கார்மாக் கையாண்டிருந்தார். எனவே மிதவைப்புள்ளி வசதிக்காக 487 வாங்கியவருக்கு டூமில் அந்த வசதியால் கிடைத்தது ஒன்றுமில்லை. கடிகாரத்தை இரட்டிப்பாக்கும் ஓவர்டிரைவ் வாங்கியவருக்கோ ஆட்டமே மாறிப்போனது. ஒரு விளையாட்டு செயலியின் எந்த உறுப்பின்மேல் சாய்ந்து நிற்கிறது என்று அறியாமல் செயலியை மாற்றுவது வீண்செலவாகலாம் என்பதை அக்காலப் பயனர்கள் கைப்பணத்தைக் கொண்டே உணர்ந்தனர்.

மூன்றாண்டு கழியுமுன் அதே நிறுவனம் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கியது. 1996 ஜூன் 22 அன்று வெளியான குவேக், உண்மையான முப்பரிமாண உலகைக் காட்டியது. அதன் சுவர்களில் ஒட்டிய ஓவியங்கள் தொலைவுக்கு ஏற்பச் சரியாகச் சுருங்கித் தெரிய வேண்டுமானால், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் கணக்கைச் செய்தாக வேண்டும். வகுத்தலோ செயலிக்கு மிக அதிக நேரம் பிடிக்கும் வேலை. கார்மாக்குடன் பணியாற்றிய மைக்கேல் ஆப்ரஷ், 16 புள்ளிகளுக்கு ஒரு முறை மட்டும் துல்லியமாக வகுத்து, இடைப்பட்ட புள்ளிகளைத் தோராயமாக நிரப்பும் வழியைக் கையாண்டார். பெண்டியம் செயலியில் மிதவைப்புள்ளிப் பகுதி அடுத்த வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே முழு எண் பகுதி இந்தப் பதினாறு புள்ளிகளையும் வரைந்து முடித்துவிடும் என்பதே அதன் நுட்பம். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வதைப் போன்ற அந்த ஏற்பாடு, 1993இல் வந்த பெண்டியத்தின் அமைப்புக்கென்றே அளந்து தைக்கப்பட்டிருந்தது.

அதனால் அடிபட்டவை பெண்டியத்தின் போட்டியாளர்கள். சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 செயலி, பெண்டியம் அமரும் அதே சாக்கெட்டில் அமர்ந்து, அலுவலக மென்பொருள்களில் அதனைவிடக் குறைந்த கடிகார வேகத்திலேயே அதற்கு ஈடான விரைவைக் காட்டியது. 133 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அதன் ஒரு வகைக்கு பி166+ என்று பெயரிட்டு, 166 மெகாஹெர்ட்ஸ் பெண்டியத்துக்கு நிகரானது என்று விற்றனர். அலுவலக மென்பொருள்களை ஓட்டி அளந்த அந்த நிகர்மதிப்பு பொய்யன்று. ஆனால் அதன் மிதவைப்புள்ளிப் பகுதி, ஒரு கணக்கு முடியுமுன் அடுத்ததைத் தொடங்கும் ஆற்றல் அற்றது என்பதால், குவேக்கில் அது மலிவான பெண்டியங்களுக்கும் பின்னே நின்றது. தட்டச்சுக்கும் கணக்குக்கும் சிறந்த செயலியை நம்பி வாங்கிய ஒருவர், ஒரே ஒரு விளையாட்டின் வரவால் தாம் தவறு செய்துவிட்டதாக எண்ண நேர்ந்தது. விளையாட்டுக்கென்று ஒரு செயலி, வேலைக்கென்று ஒரு செயலி என்ற பாகுபாடு வாங்குவோர் மனத்தில் வேரூன்றியது இக்காலத்தில்தான் எனலாம். டைம்டெமோ என்ற கட்டளையும் இதற்குத் துணையானது. பதிவுசெய்யப்பட்ட ஓர் ஆட்டத்தை இயன்றவரை விரைவாக ஓட்டி, வினாடிக்குச் சராசரியாக எத்தனை படங்கள் வரையப்பட்டன என்று அது எண்ணால் சொன்னது. அதன்பின் செயலி மாற்றம் பற்றிய பேச்சு அனைத்தும் அந்த எண்ணைச் சுற்றியே நடந்தது.

செயலியை மாற்றும் உரிமை ஒரு பெருநிறுவனத்தையே அசைக்கக்கூடியது என்பதும் இதே காலத்தில் வெளிப்பட்டது. விர்ஜீனியாவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994இல் பெண்டியத்தின் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டறிந்தார். தொடக்கத்தில் தேவையை மெய்ப்பிப்போருக்கு மட்டுமே மாற்றித் தருவதாகக் கூறிய இன்டெல், டிசம்பர் 20 அன்று கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தர இசைந்து, அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. பலகையோடு பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் கழற்றி மாட்டும் வகையில் செயலி இருந்ததால்தான் அத்தகைய தீர்வு சாத்தியமானது.

சாக்கெட் 7 எனப் பெயர் பெற்ற 321 கால் இருக்கை 1995இல் வந்தது. இந்த வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ், ஐடிடி ஆகிய நான்கு நிறுவனங்களின் செயலிகளும் அந்த ஒரே இருக்கையில் அமர்ந்தன; அத்தனை பேருக்கும் பொதுவான சாக்கெட் அதற்குப் பின் தனிநபர் கணினியில் தோன்றவே இல்லை. 1997 மே மாதத்தில் பெண்டியம் 2ஐ வெளியிட்ட இன்டெல், அதை ஸ்லாட் 1 என்னும் நீண்ட பிளவில் செங்குத்தாகச் செருகும் பெட்டியாக அமைத்தது. இரண்டாம் நிலைக் கேஷ் சில்லுகளைச் செயலியின் அருகே ஒரே பலகையில் வைக்க அந்த வடிவம் தேவைப்பட்டது என்பது தொழில்நுட்பக் காரணம். காப்புரிமை பெற்ற அந்த இணைப்பில் பிறர் சில்லுகள் நுழைய முடியாது என்பது வணிக விளைவு. கைவிடப்பட்ட சாக்கெட் 7ஐ ஏஎம்டி எடுத்து வளர்த்தது. பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திச் சூப்பர் 7 என்று பெயரிட்டு, 1998 மே மாதத்தில் கே6-2 செயலியை வெளியிட்டது. மிதவைப்புள்ளியில் இருந்த குறையை ஈடுசெய்ய 3டிநவ் எனும் புதிய கட்டளைத் தொகுதியை அதில் சேர்த்து, குவேக் 2 விளையாட்டுக்கு அக்கட்டளைகளைப் பயன்படுத்தும் திருத்தமும் வரச் செய்தது. முந்தி நிற்பவர் சாக்கெட்டை மூடுவதும், பின்தங்கியவர் அதைத் திறந்து வைத்து மக்களை ஈர்ப்பதும் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்காகும். அதன் முதல் தெளிவான சான்று இது.

ஸ்லாட் 1 பயனர்களுக்கும் ஒரு பொற்காலம் வாய்த்தது. அது இன்டெல் திட்டமிட்டுத் தந்ததன்று. இரண்டாம் நிலைக் கேஷ் இல்லாமல் வந்து ஏமாற்றமளித்த முதல் செலரான்களுக்குப் பதிலாக, 1998 ஆகஸ்ட் 24 அன்று செலரான் 300ஏ அறிமுகமாயிற்று. அதன் 128 கிலோபைட் கேஷ் செயலியின் சிலிக்கானிலேயே பொறிக்கப்பட்டு, செயலியின் முழு வேகத்தில் இயங்கியது. பெண்டியம் 2இன் 512 கிலோபைட் கேஷோ தனிச் சில்லுகளில் அமைந்து பாதி வேகத்திலேயே இயங்கியது. மலிவுப் பொருளின் சிறிய கேஷ், உயர்ந்த பொருளின் பெரிய கேஷைவிட விரைவானதாக அமைந்துவிட்டது. செயலியின் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தாலும், பலகையின் துடிப்பு பூட்டப்படவில்லை. 66ஐ 4.5ஆல் பெருக்கினால் 300. பலகையை 100க்கு உயர்த்தினால் 450. அதற்குச் சற்று முன்பே வந்திருந்த இன்டெலின் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி 100 மெகாஹெர்ட்ஸுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதால், பிற அட்டைகளுக்கான துடிப்பும் நெறி பிறழவில்லை. இவ்வாறு ஆயிரமாக மொத்தமாய் வாங்குவோருக்கு ஒன்று 149 டாலர் விலையுடைய சில்லு, அதே நாளில் 669 டாலருக்கு அறிமுகமான 450 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் 2இன் வேகத்தை எட்டியது. பலகையில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாதவர்கள், செயலி அட்டையின் பி21 என்ற தொடுமுனையை ஒட்டுநாடாவாலோ நகச்சாயத்தாலோ மறைத்து, 66க்கு உரிய சில்லை 100க்கு உரியதாகப் பலகையை நம்பவைத்தனர். இந்த முயற்சி பெரும்பாலான சில்லுகளில் வென்றதற்குக் காரணம், உற்பத்தி முறை முதிர்ந்து நல்ல சில்லுகளும் குறைந்த வேக முத்திரையோடு விற்கப்பட்டதே. மிகைவேகமூட்டல் என்று தமிழில் சொல்லத்தக்க ஓவர்கிளாக்கிங், பொறியாளர் சிலரின் பொழுதுபோக்காக இருந்த நிலை மாறி, விளையாடுவோரின் பொது அறிவாக ஆனது இந்தச் சில்லால்தான்.

அடுத்து வந்த ஆண்டுகளில் கேள்வியின் வடிவமே மாறத் தொடங்கியது. 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை, புள்ளிகளை வரையும் வேலையைச் செயலியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256, உருவங்களின் இடப்பெயர்ச்சியையும் ஒளியையும் கணக்கிடும் பணியையும் எடுத்துக்கொண்டது. ஆப்ரஷ் அத்தனை பாடுபட்டுச் செயலிக்குள் இணைத்த இரு கைகளில் ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்கு இடம்பெயர்ந்தது. அன்றுமுதல், விளையாட்டு மெதுவாக ஓடுகிறது என்றால் செயலி கார்டுக்காகக் காத்திருக்கிறதா, கார்டு செயலிக்காகக் காத்திருக்கிறதா என்று பிரித்தறிவதே முதல் வேலையாயிற்று. அதற்கு எளிய சோதனை ஒன்று வழக்கத்துக்கு வந்தது: திரையின் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பது. குறைத்ததும் படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் தடை கார்டில் இருக்கிறது; உயராமல் நின்றால் செயலியில் இருக்கிறது. இன்றும் செயலி மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

இன்டெல் 2000 நவம்பரில் வெளியிட்ட பெண்டியம் 4க்கான 423 கால் சாக்கெட் ஓராண்டுக்குள் 478 கால் சாக்கெட்டுக்கு வழிவிட்டது; அதை நம்பி வாங்கியவர்களுக்கு மேம்படுத்தும் பாதை ஏறத்தாழ இல்லாமலே போனது. ஏஎம்டியின் 462 கால் சாக்கெட்டோ அதே 2000இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்தது. அதில் அமர்ந்த தண்டர்பேர்டு, டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் துண்டிக்கப்பட்டிருந்த சிறு தடங்களைச் சாதாரணப் பென்சிலின் கரியால் இணைத்துப் பெருக்கியின் பூட்டைத் திறந்தவர்கள் ஏராளம்.

2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் தலைமுறையின் ஐ5-2500கே, ஐ7-2600கே ஆகிய இரண்டும் வேறொரு வகையில் நினைவுகூரத்தக்கவை; அவற்றை வாங்கியவர்களுக்குப் பல ஆண்டுகள் மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பெருக்கி திறந்துவிடப்பட்ட அந்தச் செயலிகள் எளிதில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே சென்றன என்பது ஒரு காரணம். ஆழமான காரணம் கணினிக்கு வெளியே இருந்தது. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய விளையாட்டுப் பெட்டிகள் மடிக்கணினிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் உரிய சிக்கனமான ஜாகுவார் வகைச் செயலியைக் கொண்டிருந்தன; கோர் எனப்படும் செயலாக்கக் கூறுகள் அதில் எட்டு இருந்தும், பிளேஸ்டேஷனில் ஒவ்வொன்றும் 1.6 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்கியது. பெரிய விளையாட்டுகள் அந்தப் பெட்டிகளில் ஓடுமாறு எழுதப்பட்டதால், நல்ல செயலி வைத்திருந்த கணினிக்காரரின் தேவை அவற்றின் அளவிலேயே நின்றுவிட்டது. அந்த அமைதிக் காலத்தில் இன்டெல், பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒரு சாக்கெட் என்ற கணக்கில் 1155, 1150, 1151 என்று எண்களை மாற்றிக்கொண்டே வந்தது. 2017 அக்டோபரில் ஆறு கோர்களோடு வந்த காஃபி லேக், முந்தைய தலைமுறையின் அதே 1151 தொடுமுனைகளைக் கொண்டிருந்தும் பழைய பலகைகளில் இயங்காது என்று அறிவிக்கப்பட்டது; கூடுதல் மின்சாரம் செலுத்தத் தொடுமுனைகளின் பணி மாற்றப்பட்டதாக நிறுவனம் விளக்கியது. ஆனால் பயாஸை, அதாவது கணினி விழித்ததும் முதலில் ஓடும் பலகையின் அடிப்படை நிரலை, திருத்தியமைத்த ஆர்வலர் சிலர் பழைய பலகைகளிலும் அதை இயக்கிக் காட்டினர். நியாயமான பொறியியல் காரணம் ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் வாங்கியவரின் பார்வையில் கதவு தேவையின்றி அடைக்கப்பட்டது என்ற எண்ணத்தை அந்தச் சோதனைகள் உறுதிப்படுத்தின.

அளவிடும் முறையும் இதே காலத்தில் முதிர்ந்தது. 2011இல் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன், வினாடிக்கு இத்தனை படங்கள் என்ற சராசரி உண்மையை மறைக்கிறது என்றும், ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிவினாடி எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும் என்றும் எடுத்துக்காட்டினார். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி, இடையிடையே ஒரு படம் 50 மில்லிவினாடி எடுத்தாலும் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் விளையாடுபவர் கண்ணுக்கு அது தடுக்கலாகத் தெரியும். அத்தகைய தடுக்கல்களில் பல, செயலி பின்தங்குவதால் எழுபவை. சராசரியைப் பார்த்துச் செயலி போதும் என்று முடிவு செய்தவர் பலருக்கு, மாற்ற வேண்டிய காரணம் அந்தச் சராசரிக்குள் மறைந்திருந்தது.

2017 மார்ச் 2 அன்று ரைசன் செயலிகளோடு ஏஎம்டி மீண்டு வந்தபோது, 1331 கால்கள் கொண்ட அதன் ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்பதாக உறுதி கூறியது. பல ஆண்டுகளாகச் சந்தையை இழந்திருந்த நிறுவனத்துக்கு அந்த வாக்குறுதி ஒரு முதலீடாக இருந்தது. புதிய செயலியை அறிந்திராத பழைய பயாஸ் கொண்ட பலகையில் அதைப் பொருத்தினால் கணினி விழிக்காது என்ற சிக்கல் எழுந்ததும், பயாஸைப் புதுப்பித்துக்கொள்வதற்காக மட்டும் செயலி ஒன்றைக் கடனாக அனுப்பும் ஏற்பாட்டையும் 2018இல் அது செய்தது. ஆயினும் வாக்குறுதியின் உண்மையான சோதனை 2020 மே மாதத்தில் வந்தது. அடுத்து வரவிருந்த ஸென் 3 செயலிகள் 500 வரிசைப் பலகைகளில் மட்டுமே இயங்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பழைய பலகைகளின் பயாஸ் சில்லுகள் பலவற்றில் 16 மெகாபைட் இடமே இருந்ததால், அத்தனை தலைமுறைச் செயலிகளின் விவரத்தையும் அவற்றில் அடக்க இயலாது என்பது கூறப்பட்ட காரணம். பி450, எக்ஸ்470 பலகைகளை எதிர்காலத்தை நம்பி வாங்கியவர்களின் கண்டனம் கடுமையாக இருந்தது. இரண்டு வாரத்துக்குள், மே 19 அன்று, நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய செயலிகள் சிலவற்றுக்கான ஆதரவை நீக்கி இடம் உண்டாக்கும் பயாஸ்கள் வந்தன. 2022இல் முதல் தலைமுறையான 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறக்கப்பட்டது. பயனர்கள் கூடி ஒரு சாக்கெட்டின் ஆயுளை நீட்டிய இந்நிகழ்வு, வி20 வழக்கின் தீர்ப்புக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது.

அதன் பயனை முழுமையாகக் காட்டியது 2022 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. எட்டுக் கோர்கள் கொண்ட அதன் 32 மெகாபைட் மூன்றாம் நிலைக் கேஷின் மேலே, 64 மெகாபைட் கொண்ட மற்றொரு சிலிக்கான் படலம் அடுக்கப்பட்டு மொத்தம் 96 மெகாபைட் ஆனது. கடிகார வேகத்தில் அது தன் முன்னோடியான 5800எக்ஸைவிடக் குறைந்திருந்தும், விளையாட்டுகளில் அதை முந்தியது. ஏனெனில் விளையாட்டு நிரல்கள் ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையைச் சிதறிக் கிடக்கும் நினைவிடங்களிலிருந்து ஓயாமல் தேடி எடுப்பவை. மெதுவான நினைவகத்துக்குச் சென்று வரும் பயணம் குறைந்தால் செயலியின் காத்திருப்பும் குறைகிறது. ஃபேக்டோரியோ போன்ற உருவகப்படுத்தும் விளையாட்டுகளில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. செலரான் 300ஏயின் சிறிய கேஷ் கற்பித்ததை, கால் நூற்றாண்டு இடைவெளியில் இந்தப் பெரிய கேஷ் மறுபடியும் கற்பித்தது. இதற்கிடையே 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை எட்டுக் கோர் ஸென் 2 செயலிகளைக் கொண்டிருந்தமையால் விளையாட்டுகளின் எதிர்பார்ப்பும் உயர்ந்துவிட்டிருந்தது. பத்தாண்டாக நீடித்த அமைதி முடிந்தது.

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட் 1718 தொடுமுனைகளையும் டிடிஆர்5 நினைவகத்தையும் வேண்டியது. அதற்கு மாறுவோர் செயலியோடு பலகையையும் நினைவகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. அத்துடன், விளையாட்டோடு தொடர்பில்லாத ஒரு நெருக்குதலும் சேர்ந்துகொண்டது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் பெரும்பாலானவற்றையும் 2017இன் முதல் ரைசன்களையும் தன் ஆதரவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஐ7-2600கே வைத்திருப்பவருக்கு, அவருடைய 1155 சாக்கெட்டில் அமரக்கூடிய எந்தச் செயலியும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால், பலகை, நினைவகம், செயலி மூன்றையும் ஒருசேர மாற்றுவதே வழி. முதல் ரைசன் வைத்திருப்பவரோ, தம் பலகையின் உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய பயாஸைப் பழைய செயலி சாக்கெட்டில் இருக்கும்போதே ஏற்றிவிட்டு, நெம்பை உயர்த்தி, அதே நினைவகத்தையும் அதே குளிர்விப்பானையும் வைத்துக்கொண்டு 5000 வரிசைச் செயலி ஒன்றை அதில் அமர்த்திக்கொள்ளலாம்.